கைப்பேசிக்குப் புரியும் சுவரொட்டி

ஒரு சனிக்கிழமை மாலை. அருள்புரம் பகுதியிலுள்ள ஒரு பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் நால்வர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவன் கையில் சுருட்டிய பெரிய தாள். ஒரு மாணவியின் கையில் அவள் அம்மாவின் கைப்பேசி. நால்வர் முகத்திலும் வாட்டம்.

“ஏனுங்க சார், படம் அருமையா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. போன் மட்டும் கண்டுக்கவே மாட்டேங்குது!” என்றாள் அந்த மாணவி.

தாளை விரித்துச் சுவரில் ஒட்டினோம். நல்ல பச்சைப் பின்னணி. நடுவில் பூப்போல விரிந்த ஒரு பெரிய நீர்த்துளி வடிவம். சுற்றிலும் ஒரே மாதிரியான சிறு துளிகளால் ஆன கரை. மேலே சிவப்பு எழுத்தில் “சாயநீரின் பயணம்” என்ற தலைப்பு. பளபளக்கும் லேமினேஷன் வேறு. கண்ணுக்கு உண்மையிலேயே அழகான சுவரொட்டிதான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அருள்புரத்துப் பிள்ளைகள் எடுக்க வேண்டிய பொருளே. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் நொய்யலில் கலந்ததையும், 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஒரு துளி கழிவுநீரையும் வெளியே விடாத முறைக்கு மாறிய பின்னரே அவை மீண்டும் இயங்க முடிந்தது. அருள்புரத்திலும் அத்தகைய பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உண்டு. அதன் உள்ளே நடப்பதை ஊரில் பலர் பார்த்ததில்லை. சுவரொட்டிக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தால் தொட்டிகளும் குழாய்களும் தாளிலிருந்து எழுந்து நிற்க வேண்டும். நீர் ஓட வேண்டும். இதுவே அவர்களின் திட்டம். அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்களே இருந்தன.

“எங்க அப்புச்சி வந்து பார்க்கறேன்னு சொல்லியிருக்கறாரு சார். அவருக்குக் கை நடுங்கும். அவரு பிடிச்சாலும் படம் நிக்கோணும்” என்றாள் மாணவி. அவளுடைய அப்புச்சி நொய்யல் கரையில் விவசாயம் பார்த்தவர். கிணற்று நீர் கெட்டுப்போன பிறகு குடும்பம் அருள்புரத்துக்கு வந்து பனியன் கம்பெனி வேலையில் சேர்ந்தது.

நல்ல சுவரொட்டி ஒன்றைக் கைப்பேசி ஏன் ‘கண்டுகொள்ள’ மறுக்கிறது? மாணவ நண்பர்களே, அதைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம். 

மெய்ம்மேல் ஒரு மிகை

நாம் காணும் உண்மைக் காட்சியின் மேல் கணினி வரைந்த உருவத்தைப் பொருத்திக் காட்டுவதை ஆங்கிலத்தில் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்பார்கள். தமிழில் ‘மிகை மெய்ம்மை’ எனலாம். 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் என்பவர் தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார். கணினி வரைந்த கம்பிக்கூடு போன்ற உருவங்கள் அறையின் காற்றில் மிதப்பதாக அது காட்டியது. கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவுக்கு அது கனமாக இருந்தது!

‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்ற பெயர் 1990-களின் தொடக்கத்தில் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடல், டேவிட் மிசெல் ஆகியோரிடமிருந்து வந்தது. விமானத்தினுள் பொருத்த வேண்டிய மின்கம்பிகள் எங்கெங்கே செல்ல வேண்டும் என்பதைத் தொழிலாளியின் கண் முன்னேயே காட்ட அவர்கள் முயன்றனர். 1999-இல் ஜப்பானியரான ஹிரோகாசு காட்டோ, தடித்த கருப்புச் சட்டமிட்ட சதுரத்தைக் கண்டு அதன் மேல் உருவத்தை நிறுத்தும் மென்பொருளை உருவாக்கினார். சாதாரண ஓவியங்களையும் ஒளிப்படங்களையுமே அடையாளமாகக் கொள்ளும் முறைகள் அதன் பின் வளர்ந்தன. 2014-இல் நம் நாட்டில் வெளிவந்த ‘பிரியாஸ் சக்தி’ என்ற படக்கதைக்கு மும்பையில் வரைந்த சுவரோவியங்களும் இவ்வாறு கைப்பேசியில் உயிர்பெற்றன.

உங்கள் பாடநூல் காட்டும் வேறுபாடு

உங்கள் பாடநூல்களில் கருப்பு வெள்ளைக் கட்டங்களால் ஆன கியூ.ஆர். குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து அது இடம்பெறுகிறது. இக்குறியீட்டை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவினரும் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கினர்.

கியூ.ஆர். குறியீட்டின் கட்டங்களுக்குள்ளேயே செய்தி எழுதப்பட்டுள்ளது. கைப்பேசி அதை ‘வாசிக்கிறது’. சுவரொட்டியிலோ அப்படி எந்தச் செய்தியும் ஒளிந்திருக்கவில்லை. அதன் படம் முன்கூட்டியே மென்பொருளிடம் தரப்பட்டிருக்கும். “இப்படி ஒன்றை எங்கேனும் கண்டால் அதன் மேல் இந்தத் தொட்டிகளை நிறுத்து” என்பதே கட்டளை. ஆகவே கைப்பேசி சுவரொட்டியை வாசிப்பதில்லை; தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண்பதுபோல் அதை அடையாளம் காண்கிறது.

ஆனால் கைப்பேசிக்கு மூக்கும் விழியும் தெரியாது. அது எதைக் கொண்டு அடையாளம் காணும்?

ஓட்டை அட்டைச் சோதனை

இதற்கு விடை காண ஓர் எளிய சோதனை செய்வோம். ஓர் அஞ்சலட்டையின் நடுவில் 1 செ.மீ. சதுரமாக ஓர் ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். திருப்பூர்ப் பகுதியில் துணித்துண்டுக்குப் பஞ்சமில்லை. ஒரே நிறத் துணி, கோடு போட்ட துணி, கட்டம் போட்ட துணி, எழுத்தும் படமும் அச்சிட்ட பனியன் ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே நிறத் துணியின் மேல் அட்டையை வைத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்துங்கள். ஓட்டை வழியே தெரிவது மாறவே மாறாது. துணியின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்ல வழியில்லை.

அடுத்து, கோடு போட்ட துணி. கோட்டுக்குக் குறுக்கே நகர்த்தினால் காட்சி மாறுகிறது. கோட்டின் வழியே நகர்த்தினால் மாறுவதில்லை. ஒரு திசையில் மட்டுமே நம்மால் இடம் சொல்ல முடிகிறது.

மூன்றாவதாக, கட்டம் போட்ட துணி. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஓட்டையை வையுங்கள். எந்தத் திசையில் நகர்த்தினாலும் காட்சி மாறுகிறது. இது நல்ல இடம். ஆனால் ஒரு கட்டம் தள்ளி வைத்தால் மறுபடியும் அதே காட்சி! எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது தெரிவதில்லை.

கடைசியாக, அச்சிட்ட பனியன். எழுத்தின் முனை, இரு கோடுகள் சந்திக்கும் இடம், முக்கோணத்தின் நுனி ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். எத்திசையில் நகர்த்தினாலும் காட்சி மாறுகிறது. வேறெங்கும் அதே காட்சி வருவதுமில்லை.

இந்த நான்கு துணிகளிலும் முழுப் பாடமும் அடங்கிவிட்டது. கைப்பேசி தேடுவது எத்திசையில் நகர்ந்தாலும் மாறுகின்ற, வேறெங்கும் திரும்ப வராத இடங்களை. இவற்றை ‘மூலைப்புள்ளிகள்’ என்று அழைப்போம். 1988-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் ஹாரிஸ், மைக் ஸ்டீபன்ஸ் ஆகியோர் இப்புள்ளிகளைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டனர். நாம் ஓட்டை அட்டையை நகர்த்தியதைத்தான் அவர்கள் சமன்பாடாக எழுதினார்கள்.

பனியனில் படம் அச்சிடும் தொழிலாளர்களுக்கு இந்த உண்மை முன்பே தெரியும்! ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் வைத்து அச்சிடும்போது நிறங்கள் விலகாமலிருக்க ஓரத்தில் ஒரு குறி வைப்பார்கள். அது வெறும் கோடாக இராது. கூட்டல் குறியாகத்தான் இருக்கும். கோடு ஒரு திசைக்கு மட்டுமே சாட்சி; கூட்டல் குறி இரு திசைக்கும் சாட்சி.

புள்ளிக்கு ஒரு கைரேகை

மூலைப்புள்ளிகளைக் கண்டாயிற்று. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது எப்படி? ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரண்டிரண்டு இடங்களை எடுத்து ஒளிர்வை ஒப்பிடுவது ஒரு முறை. முதல் இடம் இரண்டாவதைவிட இருண்டிருந்தால் 1, இல்லையேல் 0. 2011-இல் வெளியான ‘ஓ.ஆர்.பி.’ என்ற முறையில் இப்படி 256 ஒப்பீடுகள் செய்யப்படுகின்றன. 256 இலக்கங்கள் கொண்ட ஒரு வரிசை கிடைக்கிறது. அதுவே அப்புள்ளியின் கைரேகை.

எளிமைக்காக 8 இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். மென்பொருளிடம் உள்ள ஒரு புள்ளியின் கைரேகை 10110010 என்க. கேமராவில் தெரியும் இரு புள்ளிகளின் கைரேகைகள் 10100010, 01101011. முதலாவது ஓர் இலக்கத்தில் மட்டும் வேறுபடுகிறது. இரண்டாவது ஐந்து இலக்கங்களில் வேறுபடுகிறது. முதலாவதே நம் புள்ளி என்று கொள்ளலாம் அல்லவா? வெளிச்சம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் எது இருண்டது என்ற ஒப்பீடு பெரும்பாலும் மாறாது. எனவே கைரேகையும் பெரிதும் மாறாது.

ஐம்பது முறை சீட்டுக் குலுக்கல்

சில பொருத்தங்கள் தவறாகவும் அமையும். சுவரொட்டியின் எழுத்து முனைக்குப் பதில் பக்கத்து நாட்காட்டியின் எழுத்து முனை சிக்கிக்கொள்ளும். தவறானவற்றை எப்படிக் களைவது?

மார்ட்டின் ஃபிஷ்லர், ராபர்ட் போல்ஸ் என்ற இருவர் 1981-இல் இதற்கு ஓர் அருமையான வழி சொன்னார்கள். பொருத்தங்களிலிருந்து குருட்டாம்போக்கில் நான்கை மட்டும் எடு. அவற்றை நம்பிச் சுவரொட்டி எங்கே, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடு. பிறகு மற்றப் பொருத்தங்களில் எத்தனை இந்த விடையுடன் ஒத்துப்போகின்றன என்று எண்ணு. மறுபடி வேறு நான்கை எடு. அதிக வாக்கு வாங்கிய விடையே சரியான விடை.

பொருத்தங்களில் பாதி தவறு என்றே வைத்துக்கொள்வோம். எடுத்த நான்கும் சரியானவையாக இருக்கும் நிகழ்தகவு 1/2 × 1/2 × 1/2 × 1/2 = 1/16. ஒரு முறையில் இது குறைவுதான். ஆனால் 50 முறை எடுத்தால், ஒருமுறைகூடச் சரியான நால்வர் அமையாமல் போகும் நிகழ்தகவு 15/16-ஐ 50 முறை பெருக்கினால் வருவது. அதாவது ஏறத்தாழ 4 சதவீதமே. கைப்பேசிக்கு ஐம்பது குலுக்கல் ஒரு பொருட்டே அல்ல.

ஏன் நான்கு புள்ளிகள்? தட்டையான ஒரு செவ்வகம் கேமராவில் எப்படித் தெரிந்தாலும், அதன் நான்கு மூலைகளும் எங்கே விழுகின்றன என்று தெரிந்தால் மற்ற எல்லாப் புள்ளிகளும் எங்கே விழும் என்று கணக்கிட்டுவிடலாம். அந்த நான்கில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

சாய்வை அளக்கும் முக்கோணம்

இனி உங்கள் வகுப்புக் கணிதம். கேமராவில் ஒரு பொருளின் அளவு அதன் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். வடிவொத்த முக்கோணங்களிலிருந்து இது வருகிறது. 1280 × 720 படப்புள்ளிகள் கொண்ட காட்சியில், நீண்ட பக்கம் 60 பாகை அளவுக்கு விரிந்து பார்க்கும் கேமராவுக்கு இந்தச் சூத்திரம் ஏறத்தாழப் பொருந்தும்:

படத்தில் தெரியும் அளவு = 1100 × (பொருளின் அளவு ÷ தூரம்)

40 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள சுவரொட்டியைச் சற்றுப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். அதன் இடது ஓரம் படத்தில் 733 புள்ளி உயரமும் வலது ஓரம் 600 புள்ளி உயரமும் காட்டுகின்றன. சூத்திரத்தில் இட்டால் இடது ஓரத்தின் தூரம் 1100 × 60 ÷ 733 = 90 செ.மீ. வலது ஓரத்தின் தூரம் 1100 × 60 ÷ 600 = 110 செ.மீ. இரண்டுக்கும் வேறுபாடு 20 செ.மீ. சுவரொட்டியின் அகலம் 40 செ.மீ. ஆகவே சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு 20/40 = 1/2. கோணம் 30 பாகை!

அளவுகோல் இல்லை, கோணமானி இல்லை. ஒரு படத்திலிருந்தே தூரமும் சாய்வும் கிடைத்துவிட்டன. இக்கணக்கை விநாடிக்கு முப்பது முறை செய்து, அதே சாய்வில் தொட்டிகளையும் வரைவதால்தான் அவை தாளில் ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல் தோன்றுகின்றன. மூலைப்புள்ளிகள் குறைந்தாலோ விடை ஒவ்வொரு முறையும் சற்று மாறும், தொட்டிகள் நடுங்கும், பிறகு மறைந்துவிடும்.

சுவரொட்டியின் பிழைகள்

இப்போது நம் மாணவர்களின் சுவரொட்டிக்கு வருவோம். முதலில் அவர்களைக் கொண்டே அதை ஒளிப்படம் எடுக்கச் செய்து, கைப்பேசியிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றச் சொன்னேன். திரையைப் பார்த்த நால்வரும் திடுக்கிட்டார்கள். தலைப்பையே காணோம்!

முதல் பிழை நிறம். இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்ப்பதில்லை. ஒளிர்வை மட்டுமே பார்க்கின்றன. ஒளிர்வைக் கணக்கிடச் சிவப்பின் அளவை 0.299 ஆலும், பச்சையை 0.587 ஆலும், நீலத்தை 0.114 ஆலும் பெருக்கிக் கூட்டுவது வழக்கம். அளவுகள் 0 முதல் 255 வரை. முழுச் சிவப்பின் ஒளிர்வு 255 × 0.299 = 76. பச்சை 130 அளவுள்ள கரும்பச்சையின் ஒளிர்வு 130 × 0.587 = 76. இரண்டும் ஒன்றே! நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த சிவப்பு எழுத்து, கைப்பேசிக்குச் சாம்பல் சுவரில் சாம்பல் எழுத்து. தலைப்பை வெள்ளையாக மாற்றினோம்.

இரண்டாவது பிழை வளைவுகள். துளிகளும் வட்டத் தொட்டிகளும் வழவழப்பானவை. வட்டத்தின் விளிம்பில் எங்கே ஓட்டை அட்டையை வைத்தாலும் அது கோடு போட்ட துணியைப் போலவே நடந்துகொள்ளும். துளிகளைக் குறைத்து, குழாய் இணைப்புகள், ஏணி, வால்வு, கிளை விரிந்த வேலமரம், பெயர்ப்பலகைகள் என முனைகள் நிறைந்த பொருள்களை வரைந்தார்கள். தமிழெழுத்துகள் வளைந்தவை ஆயினும் கோடுகள் சந்திக்கும் இடங்கள் அவற்றில் ஏராளம். எனவே பெரிய எழுத்துகள் நன்மையே செய்யும்.

மூன்றாவது பிழை சமச்சீரும் திரும்ப வருதலும். நடுவிலிருந்த பூவடிவத்தைக் கால் வட்டம் திருப்பினாலும் அதே பூதான். புள்ளிக்கோலத்தின் அழகே அதுதான். ஆனால் கைப்பேசிக்கு அது குழப்பம். எது மேல், எது கீழ்? கியூ.ஆர். குறியீட்டின் மூன்று மூலைகளில் மட்டும் பெரிய சதுரம் இருப்பதையும் நான்காவதில் இல்லாததையும் இனிக் கவனியுங்கள். திசை தெரிவதற்காகவே நான்காவது மூலை விடப்பட்டது. சுற்றுக் கரையின் சிறு துளிகளோ நம் கட்டம் போட்ட துணிதான். கரையை எடுத்துவிட்டோம்.

நான்காவது பிழை வெற்றிடம். பாதித் தாள் வெறும் பச்சை. புள்ளிகள் ஒரே பக்கம் குவிந்தால் மறுபக்கத்தின் சாய்வு சரியாகக் கிடைக்காது. சிறிய மேசையின் நான்கு கால்களும் ஒரே மூலையில் இருந்தால் மேசை நிற்குமா? ஆகவே புதிய படங்களைத் தாள் முழுவதும் பரப்பினார்கள்.

ஐந்தாவது பிழை பளபளப்பு. இது என் பாடமாதலால் சற்று விரிவாகவே சொன்னேன். வழவழப்பான லேமினேஷன் சமதள ஆடிபோல் செயல்படுகிறது. டியூப்லைட்டின் வெளிச்சம் பட்டு அவ்விடம் முழுவெள்ளையாகிப் புள்ளிகள் அழிகின்றன. அதைவிடப் பெரிய தொல்லையும் உண்டு. சமதள ஆடியில் பிம்பம் ஆடிக்குப் பின்னால், பொருள் எவ்வளவு முன்னால் உள்ளதோ அவ்வளவு தூரத்தில் தோன்றும். எனவே நாம் நகரும்போது டியூப்லைட்டின் பிம்பம் சுவரொட்டியோடு சேர்ந்து நகராது. தாளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பொய்ச் சாட்சி சொல்லும் புள்ளி அது! பளபளப்பற்ற சொரசொரப்பான தாளில் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் இத்தொல்லை இல்லை. லேமினேஷனைக் கைவிட்டு மங்கல் தாளில் அச்சிடச் சொன்னேன்.

அளவு பற்றியும் ஒரு சொல். 40 செ.மீ. அகலச் சுவரொட்டி 1 மீட்டரில் 440 புள்ளிகளை நிரப்பும். 4 மீட்டரில் 110 புள்ளிகளே. அப்போது 1 செ.மீ. எழுத்து மூன்று புள்ளிகூட இராது. எனவே அகலம், பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்பது நல்ல நடைமுறை. பெரிய வடிவங்களும் சிறிய வடிவங்களும் கலந்திருந்தால் தூரத்திலும் அருகிலும் வேலை நடக்கும். அச்சிடும்போது படத்தை ஒரு பக்கமாக இழுத்து நீட்டவும் கூடாது. மென்பொருளிடம் தந்த படமும் சுவரிலுள்ள படமும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும்.

நிலவும் ஒரு சுவரொட்டியே

“இவ்வளவும் ஒரு கண்காட்சி விளையாட்டுக்காகவா?” என்று கேட்பீர்கள். இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியருகே இறங்கியதை நாமெல்லாம் மூச்சடக்கிப் பார்த்தோம். விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தார். அந்த இறங்குகலத்தில் இருப்பிடம் அறியும் கேமரா ஒன்று இருந்தது. இறங்குவதற்கு முன் ஆகஸ்ட் 19 அன்று ஏறத்தாழ 70 கி.மீ. உயரத்திலிருந்து அது எடுத்த படங்களை இஸ்ரோ வெளியிட்டது. அந்தக் கேமராவின் வேலை, கீழே தெரியும் நிலவின் காட்சியைக் கலத்தில் முன்பே சேமித்து வைத்த நிலவுப் படத்துடன் ஒப்பிட்டு, கலம் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் உள்ளது என்று அறிய உதவுவது. வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பு இல்லாத இடத்தில் பள்ளங்களும் மேடுகளுமே அடையாளம். அருள்புரத்துச் சுவரில் நடப்பதற்கும் நிலவின் மேலே நடந்ததற்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே: தெரிந்த படத்தைக் காணும் காட்சியில் தேடி, ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று அறிவது.

கண்காட்சி நாள்

புதிய சுவரொட்டி தயாராயிற்று. வீட்டில் அருமையாக வேலை செய்தது. கண்காட்சி அன்று காலையில் மறுபடியும் தொட்டிகள் ஆடத் தொடங்கின! நால்வரும் பதறிப்போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. காரணத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்றிருந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒருவன் கூவினான்: “சார், ஃபேன் காத்து!” மின்விசிறிக் காற்றில் தாள் புடைத்துப் புடைத்து அமுங்கியது. நாம் செய்த கணக்கெல்லாம் தட்டையான தளத்துக்கு மட்டுமே பொருந்தும். தாளை ஒரு பிளைவுட் பலகையில் அழுத்தி ஒட்டினார்கள். தொட்டிகள் அசையாமல் நின்றன.

பிற்பகலில் அப்புச்சி வந்தார். பேத்தி கைப்பேசியை அவர் கையில் கொடுத்தாள். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் படம் விழவில்லை. நிறம் கலந்த நீர் முதல் தொட்டியில் நுழைந்தது. நுண்ணுயிர்கள் அதிலிருந்த கழிவை உண்டன. வடிகட்டிகளைத் தாண்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் சவ்வின் வழியே தெளிந்த நீர் பிரிந்தது. எஞ்சிய உப்புநீர் ஆவியாக்கிக்குப் போயிற்று. பிரித்தெடுத்த நீரும் உப்பும் மீண்டும் சாயப்பட்டறைக்கே திரும்பும் என்று பேத்தி விளக்கினாள். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும் என்பதால் அந்த உப்புக்கும் பயன் உண்டு.

பெரியவர் பலகையைச் சுற்றி இருமுறை நடந்தார். பிறகு, “இந்தத் தண்ணி நம்ம கெணத்துக்கு வருமா கண்ணு?” என்று கேட்டார்.

“வராதுங்க அப்புச்சி. இது பட்டறைக்கே திரும்பிப் போயிரும். அழுக்குத் தண்ணி ஆத்துக்கு வராம இருக்கறதுதான் இதோட வேலை. மண்ணுல முன்னமே இறங்கின உப்பு மெதுவாத்தான் போகும்” என்றாள் அவள். அவர் தலையசைத்தார். இன்னொரு முறை முதல் தொட்டியிலிருந்து காட்டச் சொன்னார்.

அந்தப் பதிலைச் சொல்ல அவள் எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தேன். சுவரொட்டி வேலை செய்ததைவிட எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

மாணவ நண்பர்களே, நீங்களும் முயலலாம். இணைய உலாவியிலேயே இயங்கும் இலவச மென்பொருள்கள் இதற்கு உள்ளன. உங்கள் கணினி ஆசிரியரிடம் கேளுங்கள். ஆனால் கணினியைத் தொடுவதற்கு முன் ஓட்டை அட்டையைச் செய்துகொள்ளுங்கள். வரைந்த படத்தின் மேல் அதை இருபது இடங்களில் வைத்துப் பாருங்கள். எத்தனை இடங்களில் ‘இது இங்கேதான்’ என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது? பதினைந்துக்கு மேல் என்றால் உங்கள் சுவரொட்டி கைப்பேசிக்குப் புரியும். அதன் மேல் எதை எழுப்பி நிறுத்தலாம் என்று உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.